திரைக்கு முன்னால் நிற்பவர்

எங்கள் பக்கத்தில் கதை சொல்கிறவர் ஒளிந்துகொள்வது கிடையாது. மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் சுற்றுவட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்து விரித்துச் சொல்வார். இரவில் கூத்து. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீட்டிப் படுத்திருப்பான். இந்த மூன்றிலும் கதை சொல்கிறவரை ஊர் நேருக்கு நேர் பார்க்கும். அவர் யார் மகன், எந்த ஊர் செட்டில் ஆடுகிறார், போன வருஷம் என்ன வேஷம் கட்டினார் என்பதெல்லாம் தெரிந்த கூட்டம்தான் முன்னால் உட்கார்ந்திருக்கும்.

கூத்தில் ராஜா வேஷம் வருகிற விதத்தைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று பாடுவார். துரியோதனன் தன்னைப் பற்றித்தான் பாடுகிறான்; ஆனால் துரியோதன மகாராஜன் வருகிறான், அவன் கிரீடம் இப்படி, அவன் நடை இப்படி என்று வேறு யாரையோ சொல்வது போலப் பாடுவான். திரை விலகியதும் கட்டியக்காரன் எதிரில் வந்து, தாங்கள் யார், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்பான். அதற்குப் பிறகுதான் அவன் ‘நான்’ என்று வாயெடுப்பான். ஒரே ஆள், ஒரே குரல், கால் மணி நேரத்துக்குள் படர்க்கையிலிருந்து தன்மைக்கு இறங்கி வந்துவிடுகிறான். கட்டியக்காரனோ அஸ்தினாபுரத்தில் நின்றுகொண்டே இந்த வருஷம் மரவள்ளிக் கிழங்கு என்ன விலைக்குப் போகிறது என்று முன்வரிசையிடம் விசாரிப்பான். அடுத்த நொடி சபைக்குத் திரும்பி அரசனுக்கு வணக்கம் சொல்வான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் அவனுக்குத் தனி வாசல் தேவையில்லை.

என் தாய்மாமா நெடுங்காலம் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மாமாவுக்குக் கண் மங்கிய கடைசி வருஷங்களில் சாயங்காலம் போய் உட்கார்ந்து நாவல் வாசித்துக் காட்டுவேன். அவர் வைத்த விமர்சனங்களைக் கேட்ட பிறகுதான், பாடப்புத்தகத்தில் ‘நோக்குநிலை’ என்று நான் ஒப்புக்கு நடத்திவிட்டுப் போன பாடத்துக்கு இந்த மண்ணில் எவ்வளவு நீண்ட சரித்திரம் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தச் சரித்திரம் கல்லில் ஆரம்பிக்கிறது. தருமபுரி, செங்கம் வட்டாரங்கள் நடுகல்லுக்குப் பேர்போனவை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுதியே போட்டது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வில்லும் வாளுமாக வீரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் சொல்முறை ஏறக்குறைய ஒன்றுதான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், ஆநிரை கவர்ந்தபோது அல்லது மீட்டபோது பட்டான். அவ்வளவே. அழுகை கிடையாது, புகழ்ச்சி கிடையாது, சொல்கிறவர் பெயரும் கிடையாது. எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. எசமானனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. நாய்க்குப் பெயர் பொறித்தவன் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளவில்லை. கதைசொல்லி தன்னை முழுக்க அழித்துக்கொண்டு, நடந்ததை மட்டும் நிறுத்திவைக்கும் எழுத்துக்கு இதைவிடப் பழைய உதாரணம் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

அதே மண்ணில் இன்னொரு வழியும் இருந்தது. அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே நடந்த போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்கள் தங்கியிருக்கின்றன. உரைநடையும் செய்யுளும் கலந்து வரும் பழங்கதைக்கு எடுத்துக்காட்டாகத் தொல்காப்பிய உரைகாரரான பேராசிரியர், பெருந்தேவனாரின் பாரதத்தோடு சேர்த்து இந்த நூலைச் சொல்கிறார். வசனம் கொஞ்சம், பாட்டு கொஞ்சம் என்ற அந்த அமைப்புதான் கூத்து மேடையின் அமைப்பும். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் கதையை ஒரே மூச்சில் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இருந்ததில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இலக்கணமும் இதற்குத் துணை நின்றது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை அடுக்குகிறது. அதில் யார் பேசுகிறார் என்பது ஒன்று, யார் கேட்கிறார் என்பது ஒன்று, எந்தக் களத்தில் என்பது ஒன்று. அகப்பாட்டில் புலவன் தன் வாயால் பேசவே கூடாது. தலைவி பேசலாம், தோழி பேசலாம், பரத்தையும் செவிலியும் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கட்டும் என்று தோழியிடம் பேசுகிற தலைவியும் உண்டு. நாவலின் நோக்குநிலை பற்றி மேலைநாட்டில் ஹென்றி ஜேம்ஸ் காலந்தொட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்கிறவனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். கேட்கிறவரையும் செய்யுளின் உறுப்பாக எண்ணி வைத்தது நம் ஆள்.

பிறகு ரயில் வந்தது, அச்சும் வந்தது. மெட்ராஸ் ரயில்வேயின் சேலம் பாதை 1860களின் தொடக்கத்தில் இந்த வழியே போனது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலச் சின்ன ரயில் விட்டார்கள்; 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. போர்க் காலத்தில், 1941இல், நிறுத்தப்பட்டது.  என் தாத்தா தலைமுறைக்குச் சந்தையிலும் திருவிழாவிலும் கிடைத்தவை பெரிய எழுத்துப் புத்தகங்கள்: நல்லதங்காள், தேசிங்குராஜன், அல்லி அரசாணி மாலை. படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, தெரு கேட்கும். புத்தகம் கையில் இருந்தாலும் கதை வாயில்தான் இருந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ இந்தச் சத்தமான வாசிப்பிலிருந்து தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கத்துக்குத் தமிழர்கள் எப்படி நகர்ந்தார்கள் என்று விவரமாகச் சொல்லும்.

முதல் நாவலாசிரியர்களுக்கும் கதை சொல்கிறவரை மறைக்க மனம் வரவில்லை. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தன்மையில்தான் நடக்கிறது. கதாநாயகனே தன் கதையைச் சொல்கிறான், இடையிடையே கிளைக்கதைக்கும் தாவுகிறான். 1893 முதல் ‘விவேகசிந்தாமணி’யில் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ படிக்கிறவரோடு சல்லாபித்துக்கொண்டே போகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி வாசகரைக் கையைப் பிடித்து வழிநடத்துவதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாமாவுக்குக் கல்கியை வாசித்தேன். வந்தியத்தேவனை அவருக்குப் பிடித்தது. கட்டியக்காரன் சாயல் இருக்கிறது என்றார். ஆனால் ஓர் இளவரசி மனதுக்குள் என்ன நினைத்தாள் என்று கதை விளக்கத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“மாப்ளே, அவ மனசுக்குள்ள நெனச்சது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அவர்தான் மாமா கதைய எழுதறாரு.”

“எழுதட்டும். கிட்ட நின்னு கேட்டாரா, இல்ல அவளே சொன்னாளா? ரெண்டுல ஒண்ணு இருக்கணும்ல?”

இது படிக்காதவரின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. எல்லாம் அறிந்த கதைசொல்லியை நவீனத் தமிழ் நாவல் இதே கேள்வியைக் கேட்டுத்தான் ஒவ்வொரு படியாக இறக்கியது. சுந்தர ராமசாமி 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை ‘நாங்கள்’ என்ற கேட்போர் கூட்டத்திடம் கொடுத்தார். தாமோதர ஆசான் சொல்கிறார், பையன்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். ஜெயகாந்தன் 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் கங்காவையே பேசவிட்டார். கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராம’த்தின் பழைய வரலாற்றை மங்கத்தாயாரு என்ற மூதாட்டியின் வாயில் வைத்தார். அசோகமித்திரன் 1977இல் ‘பதினெட்டாவது அட்சக்கோ’ட்டில் ஒரே சந்திரசேகரனை ‘அவன்’ என்றும் ‘நான்’ என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார். இதை நான் வகுப்பில் பரிசோதனை முயற்சி என்று நடத்தியிருக்கிறேன். மாமாவோ அதற்கு அசரவில்லை. திரைக்குப் பின்னால் அவன், முன்னால் வந்தால் நான், இதில் என்ன புதுசு என்றார்.

தற்கால நாவல்களில் மாமா ஒரு விஷயத்தை உடனே கண்டுகொண்டது இமையத்திடம். ‘பெத்தவன்’ குறுநாவலில் கதைசொல்லி பேசுவது குறைவு. ஊர் பேசுகிறது, பெண்டுகள் பேசுகிறார்கள், அப்பன் பேசுகிறான். சாதி தாண்டிக் காதலித்த மகளைக் கொன்றுவிடு என்று ஊர் கட்டளையிடுகிறது. அவன் அவளைத் தப்ப வைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிறான். அது வெளியானது 2012 செப்டம்பரில். நவம்பர் 7ஆம் தேதி எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதற்கு முன் நடந்ததும் ஒரு காதல் திருமணமும் ஒரு தகப்பன் சாவும்தான். இமையம் முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று அப்போது பலரும் வியந்தார்கள். எனக்கு அதில் ஆரூடம் எதுவும் தெரியவில்லை. ஊர் பேசுகிற பேச்சை எழுத்தாளர் குறுக்கே புகாமல் பதிவு செய்தால், ஊர் அடுத்து என்ன செய்யும் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கும். கதைசொல்லி நடுவில் நின்று நியாயம் பேசியிருந்தால் நமக்கு அவருடைய நியாயம்தான் கேட்டிருக்கும்.

‘செல்லாத பணம்’ இந்த முறையை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. 2018இல் வந்து, 2020க்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். தீக்காயத்தோடு ரேவதி புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். வெளியே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, புருஷன் ரவி. ஒவ்வொருவர் பேச்சிலும் ஒரு ரேவதி இருக்கிறாள். யார் மேல் குற்றம் என்று எல்லாரும் அவரவர் கணக்கில் பேசுகிறார்கள்; நாம் வெறுக்கத் தயாராக வைத்திருக்கும் ரவிக்கும் பேச இடம் கிடைக்கிறது. இதை வாசிக்கும்போது மாமா ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: ஆளுக்கு ஆள் குரல் மாற்று. மாற்றினேன். ‘என்றாள்’, ‘என்றான்’ என்ற சொற்களை விட்டுவிட்டே பல பக்கங்கள் ஓடின. யார் பேசுகிறார்கள் என்பதில் குழப்பமே வரவில்லை. பேச்சின் நெளிவிலேயே ஆள் அடங்கியிருக்கிறார். நடையழகு என்றால் உவமையும் வர்ணனையும் என்று மாணவர்களிடம் சொல்லிவந்த எனக்கு, வாய்விட்டுப் படித்தால் நிற்கும் நடை எது என்ற சோதனை மாமா வீட்டுத் திண்ணையில்தான் கிடைத்தது.

ஆதவன் தீட்சண்யா எங்கள் மாவட்டத்து அலமேலுபுரத்தில் பிறந்தவர். அவருடைய ‘மீசை என்பது வெறும் மயிர்’ 2014இல் வந்தது. நந்தஜோதி பீம்தாஸ் என்று ஓர் எழுத்தாளரைக் கற்பனையாகப் படைத்து, அவரை நமக்கு அறிமுகப்படுத்தி, பேட்டி எடுத்து, அவருடைய எழுத்தையும் முன்வைக்கிறார். இல்லாத ஆளைச் சபைக்கு அழைத்து, தாங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்கிற இந்த வேலை யாருடையது என்று கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்தாளரே கட்டியம் கூறுகிறார், கிண்டலும் கட்டியக்காரனுடையதே. பின்நவீனத்துவம் என்று இதற்குப் பெயர் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெயர் வருவதற்கு முன்பே இங்கே ஒருவன் நிஜார் போட்டுக்கொண்டு இதைச் செய்துகொண்டிருந்தான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான முடிவெடுத்தவர் ச. பாலமுருகன். ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது. வழக்கறிஞராகவும் மனித உரிமைப் பணியிலும் இருந்தவர். வீரப்பனைத் தேடும் பெயரில் மலைமக்கள் மீது நடந்த சித்திரவதைகளைப் பாதிக்கப்பட்டவர்கள் சொல்லக் கேட்டவர். ‘நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள்’ என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தன்னை வெளியே நிறுத்திவிட்டு, தொட்டி என்கிற மலைக் குடியிருப்பின் வாழ்க்கையைப் படர்க்கையில், உணர்ச்சி பொங்காத சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னார். அது நடுகல்லின் வழி. அந்த வழி எதற்குத் தேவை என்பது எங்கள் பக்கத்திலேயே தெரியும். மொரப்பூரிலிருந்து அரூர் வழியாகப் போனால் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அங்கே வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. சந்தனக்கட்டை தேடினோம் என்பது அரசுத் தரப்புக் கதை. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள் என்பது ஊர் சொன்ன கதை. இரண்டில் எது உண்மை என்று நீதிமன்றம் சொல்ல 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக மற்ற 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்படிப்பட்ட சம்பவத்தில் எழுத்தாளர் தன் குரலை ஏற்றினால், சாட்சி சொன்ன பெண்ணின் குரல் இறங்கிவிடும். ஆகவே எப்போதும் முன்னால் வந்து நில் என்பதும் சட்டமாகிவிட முடியாது.

கூத்தின் பெருமையை இவ்வளவு பேசிவிட்டு அதனால் முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூத்தில் யாரும் தனியாக இருக்க முடியாது. திரௌபதி துகிலுரியப்படும்போதுகூட எதிரில் கட்டியக்காரன் இருப்பான், பின்பாட்டு இருக்கும், விடிய விடிய விழித்திருக்கும் ஊர் இருக்கும். எவரிடமும் சொல்லாத நினைப்பு என்று ஒன்று அந்தக் களத்தில் பிழைக்காது. அதை அச்சில் வந்த நாவல்தான் கொண்டுவந்தது. இளவரசி மனதுக்குள் புகுந்த கல்கியிடம் மாமா எந்த உரிமையைக் கேள்வி கேட்டாரோ, அந்த உரிமை.

அந்த உரிமையின் பயனைப் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யில் பார்த்தேன். 2013இல் வந்த நாவல். அந்த ஆண்டு ஜூலையில் தருமபுரி ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தவர் இளவரசன், முன்பு சொன்ன அந்தக் காதல் திருமணத்தின் மாப்பிள்ளை; நாவல் அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டது. குமரேசனைக் கட்டிக்கொண்டு காட்டுப்பட்டிக்கு வருகிற சரோஜாவைக் கதை ‘அவள்’ என்றுதான் சொல்கிறது, ஆனால் அவள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அவள் பார்ப்பதுதான் நமக்குத் தெரியும், அவளுக்குப் பிடிபடாத பேச்சு நமக்கும் பாதிதான் பிடிபடுகிறது. ஊர் அவளைச் சுற்றி நின்று கேட்கிறது: யார் நீ, எந்த ஊர், என்ன ஆளுக? நாவல் முழுக்க இந்தக் கேள்விதான். அவள் சாதியைப் பெருமாள்முருகன் கடைசி வரை பெயர் சொல்லவில்லை. ஊருக்குத் தராத பதிலை வாசகருக்கும் தரவில்லை.

வாசித்து முடித்ததும் மாமா நெடுநேரம் திட்டினார். ஊரைத்தான் திட்டினார். “யாருன்னு கேக்கறது எங்க தொழிலுடா. வந்தவங்க பேசறதுக்கு வாய் தொறந்து உடறதுக்குக் கேக்கறது. இவனுங்க அவ வாய அடைக்கறதுக்குக் கேட்டுக்கறானுங்க.”

நோக்குநிலை பற்றி நான் படித்த எதிலும் இது இல்லை. ஒரே கேள்வி, ஒரே வரிசை: பெயர், நாடு, வந்த காரியம். கூத்துக் களத்தில் அது ஒருவரை ‘நான்’ என்று சொல்லவைக்கிறது. காட்டுப்பட்டியில் அது ஒருத்தியை ‘அவள்’ ஆக்கி முள்ளுக்குள் துரத்துகிறது. சரோஜாவைத் தன்மையில் பேசவிட்டிருந்தால் நாவல் பொய்யாகியிருக்கும். தன் கதையைச் சொல்ல அவளுக்கு எதிரில் கேட்போர் யாரும் இல்லை. படர்க்கை அங்கே நடை அலங்காரமாக வரவில்லை, அவளுடைய நிலைமையாகவே வந்திருக்கிறது.

இப்போது மொரப்பூர் நிலையத்தில் ஏறி, பக்கத்து ஊர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அவர்களில் கதை எழுத ஆசைப்பட்டு நோட்டோடு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ‘அவன்’ என்று ஆரம்பித்து, வானத்தையும் நிலவையும் இரண்டு பக்கம் வர்ணித்திருப்பார்கள். நான் முதலில் கேட்பது, இதை யார் சொல்கிறார், யாரிடம், எங்கே உட்கார்ந்து என்பதுதான். ஓர் இளைஞன் யோசித்துவிட்டு, பெங்களூரில் மேஸ்திரியிடம் கன்னடத்தில் சொல்ல முடியாததை ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்கிற மாதிரி எழுதவா என்றான். எழுதிக் கொண்டுவந்தான். நிலவு போயிருந்தது, சம்பள பாக்கி எவ்வளவு, சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு யார் செலவு செய்தது என்பதெல்லாம் உள்ளே வந்திருந்தது. அம்மாவிடம் அவன் மறைத்தது எது என்பதும் தெரிந்தது. கேட்கிறவர் யார் என்று முடிவானதும் நடை தானாக அமைந்துவிடுகிறது. எழுத வருகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறு பாடம் இல்லை.